சிலுப்பரின் சிரிப்பு

செம்பாறைக் காட்டில் சுனைக்கு மேலே ஒரு பாறைச் சரிவு. அந்தச் சரிவில் ஒரு வளை. வளைக்குள் சிலுப்பர் என்கிற முள்ளம்பன்றி குடியிருந்தார்.

வயதானவர். எவ்வளவு வயது என்று கேட்டால் கோபம் வரும். இளமையில் அவர் உடம்பை ஒருதரம் சிலுப்பினால், மலைக்கு அந்தப் பக்கம் உறங்கும் சிறுத்தை திடுக்கிட்டு எழுந்து தன் மூக்கைத் தடவிப் பார்த்துக்கொள்ளும். பொய் என்று நினைப்பவர்கள் சிறுத்தையிடமே போய்க் கேட்கலாம். கேட்கப் போனவர் யாரும் திரும்பி வந்து, அது பொய் என்று சொன்னதில்லை.

இப்போது முட்டி பிடித்துக்கொள்கிறது. கண் மங்கல். முள்ளில் கறுப்பு குறைந்து வெள்ளை கூடிவிட்டது. ஆனாலும் தன் கிழங்கைத் தானே தோண்டினார். தன் தண்ணீரைத் தானே இறங்கிப் போய்க் குடித்தார். பொழுது சாய்ந்ததும் வளை வாசலில் உட்கார்ந்து, எப்போதோ ஒரு புள்ளிமான் உதிர்த்துவிட்டுப் போன கொம்பைக் 'கரக் கரக்' என்று கொறிப்பார்.

அது முள்ளம்பன்றிகளின் வழக்கம். அவர்களுக்கு முன்பல் சாகும்வரை வளர்ந்துகொண்டே இருக்கும். நமக்கு நகம் மாதிரி. கொறித்துக் கொறித்துத்தான் அதை அளவாக வைத்துக்கொள்ள முடியும்.

வளையின் பின்புறம் ஒரு பாறை வெடிப்பு. அதில் பிடியன் என்கிற உடும்பு இருந்தான். அவனும் கிழவன்தான். தினமும் அந்த நேரத்தில் அவன் குரல் கேட்கும்.

"யோவ் முள்ளுமூட்டை! அந்தச் சனியன் பிடிச்ச கொம்பைக் கீழே போடுய்யா! ஒரு சீவன் தூங்க வேண்டாமா?"

"உன்னை எவன் இங்கே குடியிருக்கச் சொன்னான்? போ, வேற ஓட்டை பாரு!"

"போறேன்! நாளைக்கே போறேன்!"

அந்த நாளை இன்னும் வந்தபாடில்லை.

ஒருநாள் நல்ல மழை. மழை விட்டதும் கிழங்கு தேடக் கிளம்பிய சிலுப்பர், வாசற்கல்லில் காலை வைத்தார். கல்லில் பாசி. சர்ரென்று வழுக்கி, முட்டி மடங்கி, பக்கவாட்டில் உட்கார்ந்துவிட்டார். முட்டி கொஞ்சம் வீங்கியது. ஒரு முள் வளைந்தது. அவ்வளவுதான். எழுந்து, கல்லை நன்றாகத் திட்டிவிட்டு, நொண்டியபடி கிழங்கு தோண்டப் போனார்.

ஆனால் அதைக் கரிச்சான் குருவி பார்த்துவிட்டதே! செய்தி கிடைத்தால் கரிச்சானுக்குச் சிறகு நிற்காது. மலை தாண்டிப் பறந்தது. இந்தப் பக்கம் கிளம்பும்போது சிலுப்பர் வழுக்கி விழுந்திருந்தார். மலையுச்சியைத் தாண்டும்போது உருண்டு விழுந்திருந்தார். அந்தப் பக்கம் அவர் மகள் பூமுள்ளியின் வளை முன்னால் இறங்கும்போது, சிலுப்பருக்கு இடுப்பு முறிந்து மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது!

பூமுள்ளி குட்டிகளைப் பக்கத்து வளையில் விட்டுவிட்டு அலறியடித்து ஓடி வந்தாள். வந்து பார்த்தால் அப்பா கிழங்கு மென்றுகொண்டிருந்தார்.

"அப்பா! இடுப்பு!"

"எந்த இடுப்பு?"

"முறிஞ்சு போச்சுன்னு கரிச்சான்..."

"அந்த நீட்டுவால் பயலா? வரச் சொல்லு அவனை! இடுப்பு முறியறதுன்னா என்னன்னு காட்டறேன்!"

பூமுள்ளிக்கு அழுகை நிற்கவில்லை. "என்கூட வந்துடுங்கப்பா."

"வரமாட்டேன். இது என் வளை. பாதி உங்கம்மா தோண்டினது, பாதி நான் தோண்டினது. எந்த வேர் எங்கே இருக்குன்னு என் காலுக்குத் தெரியும்."

"மறுபடி விழுந்தா?"

"ஏன் விழறேன்? அந்த வாசற்கல்லுல பாசி..."

அவர் சொல்லி முடிக்கவில்லை. மேலே கிளையிலிருந்து ஒரு குரல் குதித்தது. "நான் இருக்கேன், கண்ணு!"

குரலுக்குப் பின்னால் தயாபரி என்கிற மந்தியும் குதித்தாள். உதவி செய்வதில் அந்தக் காட்டில் அவளை மிஞ்ச ஆளில்லை. செய்கிற உதவியை நாலு பேர் பார்க்க வேண்டும், அது ஒன்றுதான் அவளுக்கு முக்கியம்.

"நீ நிம்மதியாப் போ. உன் குட்டிகளைப் பாரு. உங்கப்பாவை நான் கண்ணுக்குள்ள வச்சுப் பார்த்துக்கறேன்!"

பூமுள்ளி அவள் கையைப் பிடித்துக்கொண்டு விம்மினாள். கரிச்சான் மூலம் தினமும் செய்தி சொல்லி அனுப்புவதென்று ஏற்பாடாயிற்று. எல்லாம் பேசி முடித்தார்கள். இருவரும் சிலுப்பரை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அப்போதே அவர் முதுகில் ஒரு முள் நட்டுக்கொண்டு நின்றது. மகள் அழுகிறாளே என்று அதைப் படுக்கவைத்துக்கொண்டார்.

மகள் தலை மறைந்ததும் தயாபரி வளைக்குள் புகுந்தாள். "ஐயோ, இவ்வளவு வேரா! கால் தடுக்குமே!" என்று வேர்களைப் பிடுங்கி எறிந்தாள். தரையில் இலவம்பஞ்சைக் கொட்டினாள். காற்று படக்கூடாதென்று பின்புற வெடிப்பில் சருகைத் திணித்தாள். வெயில் காயப் போயிருந்த பிடியன் திரும்பி வந்து பார்த்தால், வீடு அடைபட்டுக் கிடந்தது.

"இந்தாம்மா, அது என் வீடு!"

"பெரியவருக்கு ஓய்வு வேணும். கண்ட சகவாசமும் கூடாது. போய்யா அந்தப் பக்கம்!"

பிறகு அவள் கண்ணில் கொம்பு பட்டது.

"உவ்வே! செத்த மிருகத்துக் கொம்பு!"

"மான் எங்கே செத்தது? உதிர்த்துட்டுப் போச்சு! கொடு இப்படி!"

"தொண்டையில சிக்கினா உங்க பொண்ணுக்கு யாரு பதில் சொல்றது, பெரியப்பா?"

"அது பல்லுக்கு..."

"இந்த வயசுல பல்லுக்கு என்ன வேலை? மசிச்சுக் கொடுக்க நான் இருக்கேனே!"

கொம்பு சரிவில் உருண்டு பள்ளத்தில் விழுந்தது. தயாபரி ஒரு உருண்டைக் கல்லைத் தள்ளிக்கொண்டு வந்து வளை வாசலை அடைத்தாள். "வெளியே வந்தாத்தானே விழுவீங்க?"

சிலுப்பருக்கு எல்லா முள்ளும் எழுந்துவிட்டது. "இது என் வீடா, நீ எனக்குக் கட்டின கூண்டா?"

"கோபப்படாதீங்க. வயசானா அப்படித்தான் சும்மா சும்மா கோபம் வரும்," என்றாள் தயாபரி, வெகு அன்பாக.

அதைக் கேட்டதும் அவருக்குக் கோபம் இரட்டிப்பாயிற்று. ஆனால் கோபப்பட்டால் வயது என்பார்கள். பேசாமல் இருந்தால் ஒப்புக்கொண்டார் என்பார்கள். என்னதான் செய்வது?

வாசற்கல்லில் இருந்த பாசியை மட்டும் யாரும் தொடவில்லை. தயாபரி அதை எட்டித் தாண்டித்தான் வந்து போனாள்.

அன்றிலிருந்து காலையில் நாவல்பழ மசியல். மாலையில் அத்திப்பழ மசியல். கொட்டை எடுத்து, தோல் எடுத்து, நார் எடுத்து, வழுவழுவென்று. பல்லுக்கு ஒரு வேலையுமில்லை. வேரைக் கொறிக்கலாமென்றால் வேர் இல்லை. வாசலை அடைத்த கல்லைக் கொறித்துப் பார்த்தார். உருண்டைக் கல்லில் பல் பதியவில்லை.

தயாபரி தினம் ஒரு கூட்டத்தை அழைத்து வருவாள். கல்லைத் தள்ளிவிட்டு, "பாருங்க, எப்படி வச்சிருக்கேன்!" என்பாள். முயல் எட்டிப் பார்க்கும். மயில் எட்டிப் பார்க்கும். கீரி எட்டிப் பார்க்கும்.

"பெரியவர் சாப்பிட்டாரா?" என்று முயல் தயாபரியைக் கேட்டது.

"வயிறு நிறைய!"

"தூங்கினாரா?"

"அடிச்சுப் போட்ட மாதிரி!"

"நான் இங்கேதானே இருக்கேன்! என்னைக் கேளுங்க!" என்று உள்ளேயிருந்து கத்தினார் சிலுப்பர். "நான் தூங்கவே இல்லை!"

"பார்த்தீங்களா? தூங்கினதே ஞாபகம் இல்லை," என்றாள் தயாபரி.

"பாவம்," என்றது மயில்.

"காது கேட்குமா?" என்று கீரி அவர் முகத்துக்கு நேரே அலறியது.

"உன்னைவிட நல்லாக் கேட்கும்!"

"கேட்காது போலிருக்கு," என்று முடிவு செய்தது கீரி.

மழைக்காலம் முடிந்தது. சிலுப்பரின் பல் வளர்ந்தது. உதட்டைத் தாண்டி வளர்ந்தது. வாய் மூடவில்லை. மேல்பல்லும் கீழ்ப்பல்லும் ஒன்றையொன்று தாண்டிக்கொண்டு, முகம் முழுக்கப் பல்லாக, அவர் எப்போதும் இளித்தபடி உட்கார்ந்திருந்தார்.

"சிரிக்கிறார்!" என்று தயாபரி கைகொட்டிக் கூவினாள். "பாருங்க, பாருங்க! எந்நேரமும் சிரிப்பு!"

காடே திரண்டு வந்து பார்த்தது. "இந்த வயசுல இப்படி ஒரு சந்தோஷமா!" என்று மயில் உருகியது. கரிச்சான் மலை தாண்டிப் பறந்து, "உங்கப்பா சிரிச்சுக்கிட்டே இருக்கார்!" என்றது. அந்தச் செய்தியில் அது ஒன்றையும் கூட்டவில்லை. பூமுள்ளி நிம்மதிப் பெருமூச்சு விட்டாள். 'பிறகு போய்க்கொள்ளலாம்' என்று தன் வேலையைப் பார்த்தாள்.

சிலுப்பருக்கோ மசியலையும் விழுங்க முடியவில்லை. நாக்கில் பட்டதெல்லாம் வழிந்து பஞ்சில் சொட்டியது. "வயசானா தீனி குறையும்," என்றாள் தயாபரி. "என் கொம்பு!" என்று அவர் கத்தினால், மூடாத வாயில் அது "ஏன் ஓங்ஊ!" என்று வந்தது. "பாட்டு வேற!" என்று கூட்டம் குதித்தது.

வயிறு ஒட்டிப்போயிற்று. கல்லின் இடுக்கு வழியாகக் கீழே சுனை நீரின் சத்தம் கேட்டது. அவர் பஞ்சின் மேல் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். சொந்த வீட்டில், பஞ்சுக்கு நடுவே, காடெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கப் பட்டினியால் சாகப்போகிறோம் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. செத்த பிறகும், 'சிரித்த முகமாகவே போனார்' என்றுதான் சொல்வார்கள்! சாவைவிட அந்தப் பேச்சை நினைத்துத்தான் அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அப்போது பின்புறச் சருகு சரசரத்தது. நகம் பிராண்டும் சத்தம். சருகைக் கிழித்துக்கொண்டு பிடியனின் மூக்கு வந்தது. பிறகு மீதிப் பிடியன் வந்தான்.

"யோவ் கிழவா, எனக்குத் தூக்கமே வரலைய்யா," என்றான் எரிச்சலாக. "அந்தக் கரகரப்புலேயே தூங்கிப் பழகித் தொலைச்சுட்டேன். எங்கே போய்ப் படுத்தாலும் அமைதி காதைக் குடையுது. ஏன் நிறுத்திட்டே?"

சிலுப்பர் திரும்பிப் பார்த்தார்.

"என்னவோ சிரிக்கிறியாம், காடே பேசுது. எங்கே, காட்டு." பிடியன் கிட்டே வந்தான். நாக்கை நீட்டி அந்தப் பல்லைத் தடவினான். நுனி வளைந்து தாடையில் குத்திக்கொண்டிருந்தது.

அவனுக்கு வசவு எதுவும் வரவில்லை. அப்படி நடந்தது அவன் ஆயுளிலேயே அதுதான் முதல் தடவை.

"அட பாவிகளா," என்றான் மெதுவாக. "இதைப் போய்ச் சிரிப்புன்னாங்களா?" பிறகு கேட்டான். "இங்கே பாரு. பேச வேண்டாம், தலையை மட்டும் ஆட்டு. உனக்கு என்ன வேணும்? தண்ணியா?"

இல்லை.

"மூலிகை ஏதாவது?"

இல்லை.

"கொம்பா?"

சிலுப்பர் தலையை ஆட்டிய ஆட்டில் முதுகு முள்ளெல்லாம் கலகலத்தது.

பிடியன் வெளியே போனான். முதல் வேலையாகக் கரிச்சானைப் பிடித்தான்.

"இவர் பொண்ணுகிட்டப் போய் நான் சொல்றதை அப்படியே சொல்லு. 'உங்கப்பா மழை தொடங்கினதுல இருந்து கொறிக்கலை.' அவ்வளவுதான்."

"இது என்ன செய்தி? சப்புன்னு இருக்கே!" என்றது கரிச்சான். "கொஞ்சம் ரத்தம்? கொஞ்சம் மூச்சிழுப்பு?"

"ஒரு சொல் கூட்டினாலும் உன் வாலைப் பிடிப்பேன். நான் பிடிச்சா என்ன ஆகும்னு தெரியுமில்ல?"

கரிச்சானுக்குத் தெரியும். போய் அப்படியே சொன்னது. பூமுள்ளி அப்போது குட்டிகளோடு உட்கார்ந்து ஒரு எலும்பைக் கொறித்துக்கொண்டிருந்தாள். எலும்பு வாயிலிருந்து விழுந்தது. வேறு எந்த மிருகத்துக்கும் புரியாத செய்தி அது. மறுபேச்சில்லாமல் ஓடி வந்தாள்.

அந்த நேரம் தயாபரி பெரிய கூட்டம் கூட்டியிருந்தாள். சிலுப்பரை வாசல்வரை இழுத்து உட்காரவைத்து, கழுத்தில் கொன்றைப்பூ மாலை போட்டிருந்தாள். "நம்ம காட்டிலேயே சந்தோஷமான பெரியவர்!" என்று அவள் கூவவும், பூமுள்ளி கூட்டத்தைக் கிழித்துக்கொண்டு வரவும் சரியாக இருந்தது.

"அப்பா!" அவர் வாயைப் பார்த்தாள். "எங்கப்பாவை என்ன பண்ணி வச்சிருக்கே?"

"ஏன், கண்ணு? சிரிக்கிறாரே!"

"அது சிரிப்பா? பல்லு! கொறிக்காம வளர்ந்த பல்லு! அவரால மெல்ல முடியாது, விழுங்க முடியாது, பேச முடியாது!"

"வயசானவங்களுக்குப் பல்லு விழும். வளருமா? எனக்கு எப்படித் தெரியும்?"

"அவரைக் கேட்டிருக்கலாமே!" என்று கத்தியவள், சட்டென்று நிறுத்தினாள். தினம் தினம் செய்தி கேட்டாளே, ஒருநாளாவது அப்பாவிடம் கேள் என்று சொல்லி அனுப்பினாளா? "நானும் கேட்கலையே," என்றாள் குரல் இறங்கி.

அதற்குள் பள்ளத்திலிருந்து பிடியன் கொம்பைக் கவ்வி இழுத்துக்கொண்டு ஏறி வந்தான். தயாபரி பாய்ந்து அதைப் பிடுங்கப் பார்த்தாள். இழுத்தாள். உலுக்கினாள். உடும்பு பிடித்த பிடி, அசையுமா? கொம்பு நேராகச் சிலுப்பர் முன்னால் வந்து இறங்கியது.

கரக்.

முதல் கொறிப்பில் வலி உச்சிக்கு ஏறியது. கண்ணில் நீர் தளும்பியது. அவர் விடவில்லை. கரக். கரக். பல் தூள் தூளாக உதிர்ந்தது. வெயில் மேற்கே சாயும்வரை கொறித்தார். பிறகு மெல்ல, வெகு காலத்துக்குப் பின், வாயை மூடினார்.

"ஐயையோ, சிரிப்பு போச்சே!" என்றது முயல்.

"போச்சா?" சிலுப்பரின் குரல் பாறையில் மோதித் திரும்பியது. "இருந்தாத்தானேடா போகும்! நான் பட்டினியில சுருண்டேன், நீங்க கைதட்டினீங்க! நான் கத்தினேன், நீங்க பாட்டுன்னீங்க! விழுந்தேன், உண்மை. எங்கே விழுந்தேன்னு ஒருத்தராவது கேட்டீங்களா? விழுந்த இடத்தை அப்படியே விட்டுட்டு, விழுந்தவனைப் பிடிச்சு அடைச்சீங்களே, வெட்கமா இல்லை?"

சொல்லிவிட்டு உடம்பைச் சிலுப்பினார். பழைய சிலுப்பு! முள் அத்தனையும் கலகலவென்று அதிர்ந்தது. தயாபரி பயந்துபோய் ஒரு எட்டுப் பின்னால் துள்ளினாள். துள்ளிய கால் போய் இறங்கிய இடம் வாசற்கல்.

சர்ர்ர்!

வழுக்கினாள். உருண்டாள். சரிவெல்லாம் உருண்டு சுனைக்குள் தொப்பென்று விழுந்தாள். தெறித்த தண்ணீர் மலைக்கு அந்தப் பக்கம் சிறுத்தையின் மூக்கில் பட்டதாம். அதையும் சிறுத்தையிடமே கேட்டுக்கொள்ளலாம்.

"ஐயோ, என் இடுப்பு!" என்று சுனைக்குள்ளிருந்து அலறினாள் தயாபரி.

"பஞ்சு கொண்டு வரவா, தயாபரி?" என்று கரையில் நின்று முயல் பதறியது. "மசியல் வேணுமா? குகையில படுக்கவச்சு அடைச்சிடவா?"

"ஒரு மண்ணும் வேண்டாம்!" என்று கத்தினாள் தயாபரி. "முதல்ல அந்தப் பாசியைச் சுரண்டித் தொலைங்க!"

சிலுப்பருக்கு அப்போதுதான் சிரிப்பு வந்தது. வாயை மூடிக்கொண்டே சிரித்தார். முள் குலுங்கியது.

பூமுள்ளி அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். "உங்களுக்கு என்னப்பா வேணும்?"

அவர் கேள்வியைக் கொஞ்ச நேரம் அனுபவித்தார்.

"பாசி போகணும். கல்லு ஓரமா ஒரு வேர் நீட்டிக்கிட்டு இருந்தா அதைப் பிடிச்சு இறங்குவேன். மழை நாள்ல யாராவது ரெண்டு கிழங்கு கொண்டு வந்து போடலாம், வேண்டாம்னு சொல்லமாட்டேன். சுனைக்குப் போறப்போ கண்ணு தடுமாறுது, கூட ஒரு ஆள் வந்தா நல்லது. கையைப் பிடிச்சு இழுக்கக் கூடாது, பக்கத்துல பேசிக்கிட்டு வந்தாப் போதும்." கொஞ்சம் யோசித்தார். "அப்புறம், அந்தப் பல்லிப் பயலோட ஓட்டையைத் திறந்துவிடு."

பூமுள்ளி தன் நகத்தாலேயே கல்லைச் சுரண்டினாள். முயலும் கீரியும் பஞ்சை அள்ளி வெளியே கொட்டின. நொண்டிக்கொண்டே ஏறி வந்த தயாபரி, சுனைக்குத் துணை போகிற வேலையைத் தானே கேட்டு வாங்கிக்கொண்டாள். இந்தத் தடவை கேட்டது சிலுப்பரிடம்.

பொழுது சாய்ந்தது. வளை வாசலில் 'கரக் கரக்' என்று சத்தம் எழுந்தது.

"யோவ் முள்ளுமூட்டை!" என்று பின்புற வெடிப்பிலிருந்து குரல் வந்தது. "ஒரு சீவன் தூங்க வேண்டாமா?"

"வேற ஓட்டை பாரு!"

"போறேன்! நாளைக்கே போறேன்!" என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே பிடியனுக்குக் கண் சொருகியது. அவன் நன்றாகத் தூங்கிப்போனான்.

வயதானவருக்கு என்ன வேண்டும் என்பதை அவரிடமே கேட்டுச் செய்வதுதான் உதவி. கேட்காமல் செய்கிற அன்பு, அவர் வீட்டையே அவருக்குச் சிறையாக்கிவிடும்.